கடனில்லாத கார்

ஷோரூமுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்வதற்குள் அந்தத் தம்பி என்னை அக்கா ஆக்கிவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். அறந்தாங்கி என்றேன். "அறந்தாங்கியா? எங்க அக்காவைக் குடுத்திருக்கிறதே அங்கிட்டுத்தான். அப்ப நீங்களும் எனக்கு அக்காதான்" என்றார். கழுத்தில் டை, நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த கேள்வி, "மச்சான் என்ன பண்றாங்க?" ஒரு ரோஸ் மில்க் குடித்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரருக்குப் புதுக்கோட்டையில் ஒரு மைத்துனர் முளைத்துவிட்டார். முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் கறாராக விலை பேச வாய் வராது. எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஏமாந்தால் எனக்குப் போவது பணம் மட்டுமல்ல. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பே போனவர். மகள் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார். வருகிற நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்துவிட்டால் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைக்க இடம் பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. கார் அவருடைய ஆசை. சரி, ஆசைப்படட்டும், ஆனால் கடன் வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். கடன் என்றால் தவணை. தவணை என்றால் மறுபடியும் குவைத். எங்கள் தெருவிலேயே அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். சேமிப்புக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கார், முழுப் பணமும் கட்டி எடுப்பது என்று அவரும் ஒத்துக்கொண்டார். அதற்காகவே நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், மைதானத்தில் எட்டுப் போட்டு, லைசென்ஸும் வாங்கியிருந்தேன்.

அந்தச் சின்னக் காரின் பெயரைச் சொன்னதும் தம்பியின் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் முகம் போல ஆனது.

"அது வர மூணு மாசம் ஆகும்க்கா. பெரிய மாடல் ஒண்ணு ரெடியா நிக்கிது. பாக்க மட்டும் பாருங்களேன்."

"மூணு மாசம் ஆனாலும் பரவால்ல தம்பி. அதுதான் வேணும்."

"அக்கா, இன்னைக்கு மாசக் கடைசி. ஆஃபர் இன்னையோட முடியுது. இருங்க, ஒங்களுக்காக மேனேஜர்ட்ட சண்டை போட்டுட்டு வாரேன்."

கண்ணாடி அறைக்குள் போனார். வெளியிலிருந்து எல்லாம் தெரிந்தது. உள்ளே சண்டை எதுவும் நடக்கவில்லை. மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவர் தண்ணீர் குடித்தார். பிறகு வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்து, பெரிய மாடலுக்கு சீட் கவரும் கால்மிதியும் இலவசம் என்று வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஏசி போட்ட அறையில் அந்த மனிதருக்கு எப்படி வியர்த்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேண்டாம் என்றேன். ரேட்டைக் குறைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அப்போது அவர் என்னை விட்டுவிட்டு என் மகளைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்தாள். "பாப்பா, வானம் பாக்குற காரு பாத்திருக்கியா?" என்று கேட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய காருக்குள் ஏற்றி, மேல்கூரைக் கண்ணாடியைத் திறந்துவிட்டார். தலையை மேலே நீட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு ஷோரூம் முழுக்கக் கேட்டது. இறங்கச் சொல்லி நான் எழுந்து போவதற்குள், தன் கையில் இருந்த என் போனில் அவளே குவைத்தில் இருந்த அத்தாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் வருஷக்கணக்காகப் பெரிய பெரிய கார்களைக் கழுவித் துடைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக்கொண்டிருப்பவர். தன் பிள்ளையை அப்படி ஒரு காரில் பார்த்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தம்பியும் அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

போன் தம்பியின் கைக்கு மாறியது. "மச்சான், சலாம். நான் ஒங்க மச்சினன் பேசுறேன்" என்றார். அங்கே சிரிப்பு. இங்கே எனக்குக் கொதித்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"புள்ள ஆசப்படுது. அதையே எடுத்துரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மச்சான், நாம பேசினது என்ன?" என்றேன். நானும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

"கொஞ்சமாத்தானே கொறையுது. லோன் போட்டுக்கலாம்."

அந்தத் தம்பி மேஜைக்கு ஓடிப்போய் போனை ஸ்பீக்கரில் வைத்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா பேர்ல லோன், தவணைக்கு ஒங்க சம்பளம். பேங்க்ல மொதல்ல கேக்குறதே இதான் மச்சான். கான்ட்ராக்ட் எப்ப முடியுது?"

எனக்குப் போன உயிர் வந்தது. பெருநாளோடு முடிகிறது. அதைச் சொன்னால் எந்த பேங்க் கடன் கொடுக்கும்? தம்பி தன் வாயாலேயே தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ரெண்டு வருஷம் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். "போன மாசந்தான் புதுப்பிச்சேன்."

கடனுக்காகப் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றாகத்தான் சொல்கிறார் என்றுகூடத் தோன்றியது. ஆனால் போனில் அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான், நெசமாவா?"

"கலரு என்ன எடுக்குறே?" என்று கேட்டார்.

மகள் காரிலிருந்து இறங்கி வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் கேட்டிருந்தது. "அத்தா, அப்ப பெருநாளைக்கு வர மாட்டீங்களா?"

"வருவேன்மா. லீவுல வருவேன்ல."

லீவில். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழுதுவிடக் கூடாது, இந்த ஷோரூமில் இந்த டைக்கு முன்னால் அழவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

"தம்பி, அந்தச் சின்னக் காரையே புக் பண்ணுங்க. மூணு மாசம் ஆகட்டும். லோன் வேண்டாம்" என்றேன். அட்வான்ஸ் பணத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பிறகு போனைப் பார்த்துச் சொன்னேன். "காருக்குக் கடன் இல்ல. வீட்டுக்குக் கடன் இல்ல. கடைக்கு எடம் இருக்கு. இதையெல்லாம் தாண்டி அங்க இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருந்தா இப்பவே சொல்லுங்க. யாரு இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

அவர் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். குரல் உடைந்திருந்தது. "அங்க வந்து நான் என்ன செய்வேன்? ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு என்ன தெரியும்? கடை ஓடலேன்னா ஒங்க ரெண்டு பேரு மொகத்துல எப்புடி முழிப்பேன்? வந்து உக்காந்துட்டேன்னா, வெட்டியா இருக்கான்னு ஊரே பேசும். பயமா இருக்குடி."

அந்தத் தம்பி குனிந்து ஸ்பீக்கரை அணைத்தார். போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மகளிடம் ஏதோ சொல்லி அவளை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவர் அன்று செய்ததில் அது ஒன்றுதான் வியாபாரத்துக்காகச் செய்யாதது.

இத்தனை வருஷமும் தனியாகப் பயந்துகொண்டிருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன். "எனக்குந்தான் பயமா இருக்கு மச்சான்" என்றேன். "அதை இங்க வந்து சேந்து படுவோம். வாங்க."