டார்ட்ஸ் பலகையில் ஒரு பல்லி

மழைக்கு ஒதுங்கிய இடம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே டார்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம் நடக்கிறது. ஜெயிப்பவர் சென்னையில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதலாம். நனைந்த பையோடு நிற்கும் என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

பட்டுக்கடை விற்பனையாளர் சேகருக்கு இன்னும் ஓர் அம்பு சரியாக விழுந்தால் போதும். கையை உயர்த்துகிறார். அவர் குறிவைத்த கட்டத்தின் மேலேயே ஒரு பல்லி வந்து ஒட்டிக்கொள்கிறது.

"ஆட்டத்துல போர்டைத் தொடக்கூடாது. டைம் போய்க்கினே இருக்குது, எறிங்க" என்கிறார் நடுவர்.

"பல்லிய அடிச்சா டபுள் பாயிண்டாபா?" என்று எதிராளி கேட்க, கூட்டம் சிரிக்கிறது.

சேகர் தன் முறையின் கடைசி அம்பைப் பலகையின் மறுகோடியில் எறிகிறார். அந்த அதிர்வில் பல்லி ஓடிவிடுகிறது. எதிராளி நிதானமாக ஆட்டத்தை முடித்துக் கோப்பையை வாங்கிக்கொள்கிறார்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் சேகரிடம், "எறிஞ்சிருக்கலாமே?" என்கிறேன்.

"பல்லி தோஷம்னா எல்லா ஊர்க்காரனும் கோயில் தங்கப் பல்லியத் தொட இங்கதான் வர்றான். இங்கயே இருந்துக்கினு நான் பல்லியக் குத்தினா, எந்த ஊருக்குப்பா போறது?"