திருப்பிக் கேட்ட சீம்பால்

போன தை மாதம் எங்கள் பசு கன்று போட்ட கதையைத் தெருவில் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து ஏதோ வேலை இருப்பது போல நான் உள்ளே போய்விடுவேன். அவர்கள் சொல்வதில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் எழுதிவிடுகிறேன். ஐந்தாவது வரை படித்த எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்னறையில் மகனின் தறி, பின்பக்கம் கொட்டகையில் பசு. அன்று விடியும்போது பசு முக்கிக்கொண்டே இருந்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே வந்துவிட்டன, தலையைக் காணோம். மகன் போன் செய்து மாட்டு டாக்டரம்மாவை வரவழைத்தான். அவர் தோள் வரை கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த தலையைத் திருப்பினார். பிறகு கயிறு கட்டி மகனும் அவருமாக இழுத்தார்கள். விழுந்த கன்றுக்கு மூச்சில்லை. மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறி, சாக்கால் விலாவைத் தேய்த்த பிறகுதான் ஒரு தும்மல் போட்டது. பெண் கன்று, கிடேரி.

“ஆயா, ரொம்ப வீக்கா இருக்குது. உடனே சீம்பால் குடுங்க. எவ்ளோ குடிக்குதோ அவ்ளோ குடுங்க” என்று சொல்லிவிட்டு, ஏனாத்தூரில் இன்னொரு மாட்டைப் பார்க்கப் போனார் டாக்டரம்மா.

தலையை ஆட்டினேன். ஆனால் சீம்பாலை வயிறு முட்டக் குடித்தால் கன்று கழிந்தே செத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நோஞ்சான் கன்றுக்கு அது இன்னும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் இரண்டு தடவை மட்டும் புகட்டினேன். மீதியை ஒட்டக் கறந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கன்றுக்குக் கழியும் என்ற பயம் கொஞ்சம்தான். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து இத்தனை வருஷத்தில், அடுத்த வீட்டு வாசலில் நின்று பத்து வார்த்தை பேசினவள் இல்லை நான். மாடு ஈன்ற அன்று மட்டும் சீம்பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். “உங்க மாட்டுப் பாலு மாதிரி வராதுக்கா” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் கறந்தேன். சொம்பிலும் டப்பாவிலும் ஊற்றி ஆறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மனசு நிறைந்து திரும்பினேன்.

வந்து பார்த்தால் கன்று கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. காது சில்லென்று இருந்தது. வாய்க்குள் விரலை விட்டால் வாயும் சில்லென்று இருந்தது. மகன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

“சீம்பால் எவ்ளோ குடிச்சுது?” என்றார் அவர்.

மகன் என்னைப் பார்த்தான்.

“வயிறு நிறைய குடிச்சுதும்மா” என்றேன்.

“வயிறு நிறைய குடிச்சும் சில்லுனு இருக்குதுன்னா வேற ஏதோ சீக்கு. இங்க முடிச்சுட்டு வந்து ஊசி போட்டுப் பாக்கறேன். நம்பிக்கை குடுக்க மாட்டேன் ஆயா.”

கன்றின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. “இல்லம்மா, ரெண்டு பாலாடைதான்” என்றேன்.

“மீதி இன்னாம்மா ஆச்சு?” என்றான் மகன்.

“தெருவுக்குக் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். “காய்ச்சாம யார்கிட்டயாவது இருந்தா வாங்கினு வாங்க. சுடுதண்ணியில சொம்ப வெச்சு வெதுவெதுப்பாக்கிக் குடுங்க. ஓடுங்க.”

மகன் வைக்கோலைக் கொளுத்திக் கன்றுக்கு அனல் காட்டினான். நான்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தறிக்கு வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்குக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். முதல் வீட்டில் வெல்லம் போட்டுக் காய்ச்சியாகிவிட்டது. இரண்டாவது வீட்டில் பிள்ளைகள் தின்றே முடித்துவிட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, சொம்புக்கா வந்தீங்க?”

“சொம்பு இல்ல. பாலு. காய்ச்சிட்டியா?”

“ஃப்ரிட்ஜ்ல கீது. சாயங்காலம் பொண்ணு வர்றா, அவளுக்கு.”

“திருப்பிக் குடும்மா. கன்னுக்கு வேணும்.”

பாவைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். “ஆயா ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. தொறந்ததும் குடுத்ததையே கேக்குதுபா!”

தெருவே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் சொம்பை எடுத்து வந்தாள். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு டப்பாவையும் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

வெதுவெதுப்பாக்கிய பாலில் விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைத்தேன். முதலில் அப்படியே கிடந்தது. நாலாவது தடவை நாக்கு விரலைச் சுற்றிப் பிடித்து இழுத்தது. அந்த இழுப்பு என் முழங்கை வரைக்கும் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொம்பும் டப்பாவும் காலியாயின. வெயில் சாயும்போது கன்று பின்னங்காலை ஊன்றி எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து நின்றது.

இப்போது அது வைக்கோலை இழுத்துத் தின்கிறது. நான் யாருக்காவது ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தாலும், “ஆயா, திருப்பிக் கேக்க மாட்டீங்களே?” என்கிறார்கள். அதற்கு நானும் சிரித்துவிடுகிறேன். வயிறு நிறையக் குடித்தது என்று நான் சொன்ன பொய் அவர்களுக்குத் தெரியாது. அதைக் காதால் கேட்டது மகனும் டாக்டரம்மாவும்தான். இரண்டு பேரும் அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, ஏன் சொன்னாய் என்று என்னிடமும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.