காலி கேரியர்

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தேன். காலாண்டு விடுமுறைக்கு வேன் பேச ஒரு குடும்பம் வந்தது. கணவரும் அவருடைய அண்ணனும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் நின்றார். ஒடிசலான உடம்பு, பெரிய பொட்டு. வாய் திறக்கும் முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வது அவர் வழக்கம் போலும்.

"பாவநாசம் போவோம். ஸ்டவ்வு, சட்டிபானைய வேன் மேல கேரியர்ல ஏத்திட்டா, ஆத்தங்கரையில பொம்பளைய சோறு பொங்கிருவாவ" என்றார் அண்ணன்.

முந்தானை இடுப்புக்குப் போனது.

"தம்பி, தூத்துக்குடி பக்கம் காட்டிலாகா காவல்ல கடற்கரை இருக்காமே? அங்கன அடுப்பு மூட்டலாமா?"

"கூடவே கூடாதுக்கா. தீக்குச்சி உரசினாலே வாட்சர் வந்துருவாரு."

"ஸ்டவ்வு?"

"அதுவுந்தான்."

"அப்ப அங்கனயே போவோம். பிள்ளைய கடலு கடலுன்னு கெடக்கு."

"சோத்துக்கு?" அண்ணன் திகைத்தார்.

"கடையிலதான் திங்கணும். சட்டமாச்சே அத்தான், நாம என்ன செய்ய?"

குரலில் அவ்வளவு வருத்தம்! கணவர் அட்வான்ஸை நீட்டினார்.

வாசல் வரை போன அந்த அம்மாள் திரும்பி வந்து, பைய என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்தச் சட்டத்த அடுத்த வருசம் மாத்திர மாட்டாவல்லா?"

புறப்படும் நாளில் அந்த வீட்டுப் பெண்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, ஆண்களுக்கு முன்னால் ஏறி ஜன்னலோரங்களைப் பிடித்தார்கள். குடும்ப வேன் ஒன்று காலி கேரியரோடு கிளம்பி அன்றுதான் பார்த்தேன். அந்தச் சட்டத்தை அவர் எங்கே தேடிப் பிடித்தாரோ, இன்றும் எனக்குத் தெரியாது. வேன் தேரடி திரும்பியபோது, அவருடைய முந்தானை ஜன்னலுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தது.