டிவியில் கேட்ட இருமல்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். பக்கத்து லைன் வீட்டு சின்னப்பன் மாமா, அவர் சம்சாரம் மேரி அத்தை. பாயில் நான். டிவிக்குள்ளே அந்த நடிகர்.

நேற்று பெங்களூரில், நான் சமைக்கிற வீட்டு ஹாலில் டிவி ஓடியது. இருமல் கேட்டது. அந்த நடிகர்தான். கரண்டியோடு நின்றுவிட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் சீரியலில் அவர் நோயாளி அப்பா. தங்க வயலில் காற்றடித்தால் சுரங்கக் கழிவு கொட்டின சைனைடு மேட்டு மண் வெள்ளையாக வந்து டிவியில் படியும். அம்மா முந்தானையால் துடைப்பாள். விளக்கை அணைத்தால் வீடெல்லாம் நீல வெளிச்சம். தண்ணிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு ராத்திரி நடிகர் இருமினார். அப்பாவும் மாமாவும் சிரித்தார்கள். சுரங்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட்.

“இன்னாய்யா இது, ஆடு தும்முற மாதிரி கீது,” என்றார் மாமா.

“நம்ம கூட கேஜு லிப்டுல கீழ இறக்கினா கத்துக்குவாரு,” என்றார் அப்பா. “இங்க பாரு, இப்படி இருமணும்.”

இருமிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அவர் இருமிக்கொண்டே இருந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“எத்தினி நாளா இப்படி? எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல. நீ டிவிய பாரு.”

சுரங்கத்தை மூடினபோது அப்பா உயிரோடு இல்லை.

நேற்று ஹாலை எட்டிப் பார்த்தேன். நடிகருக்குத் தலையெல்லாம் நரை. இன்னும் அப்பா வேஷம்தான். இப்போது சரியாக இருமுகிறார்.

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம், அவரையும் சேர்த்து, இரண்டு பேர்.