பன்னிரண்டாவது பெயர்

ஆசிரியர் பயிற்சி முடித்து, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாது. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. எங்கள் ஊர் சிங்காரப்பேட்டை; அங்கே தமிழே போதும். இங்கே ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள்.

அதற்குத் தலைமை ஆசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். தமிழ் தெரியாத பிள்ளைகளைச் சுவரோரம் தனி வரிசையாக உட்காரவைத்துவிட வேண்டும். ஒரு வருஷம் அவர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது. “காதுல விழுந்து விழுந்து தானா வந்துடும், தம்பி. நீங்க பாட்டுக்குக் கத்திக்கிட்டிருங்க, போதும்” என்பார். பெரும்பாலும் வந்தும்விட்டது.

அந்த வரிசையில்தான் அவளையும் உட்காரவைத்தேன். ஏழு வயதிருக்கும். மைசூர் எல்லைக்கு அப்பாலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பம். சேர்க்கும்போது, கூலிக்குப் போன இடங்களில் தமிழ் பழகியிருந்த அவள் அம்மா, “இதுக்குக் கன்னடந்தான் வரும், சாமி” என்றாள். பதிவேட்டில் பன்னிரண்டாவது பெயராக எழுதிக்கொண்டேன்.

ஆனியிலிருந்து கார்த்திகை வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. பலகையில் நான் எழுதுவதை அப்படியே சிலேட்டில் இறக்கிவிடுவாள். பெயர் கூப்பிட்டால் மற்றவர்கள் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பார்கள். அவள் கையைத் தூக்குவாள்; நான் தலையாட்டியதும் இறக்கிவிடுவாள். வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள், யானை இறங்கிக் கேழ்வரகை மிதித்துவிட்டதென்று பதினோராவது பெயர்க்காரி வீட்டில் எல்லோரும் கொல்லைக் காட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் அன்று வரவில்லை. பன்னிரண்டாவது பெயரைக் கூப்பிட்டேன். கை எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பதினோராவது பெண் எழுந்து உட்கார்ந்த பிறகே அவள் கை எழும் என்பது அப்போதுதான் உறைத்தது.

“அதுக்குக் காது கேக்காது சார்” என்றான் முன்வரிசைப் பையன்.

“என்னடா சொல்ற?”

“பொறந்ததுலருந்தே கேக்காதாம். எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்கு மட்டும் தெரியாதா சார்?”

வகுப்பு சிரித்தது. சுவரோர வரிசையும் சேர்ந்து சிரித்தது. இவ்வளவு தமிழ் அவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் அவள் அம்மா களை வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். “ஏம்மா எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னாச் சேத்திருப்பீங்களா? அங்க ரெண்டு பள்ளிக்கோடத்துல சொன்னோம். ரெண்டுலயும் வேணாம்னுட்டாங்க. இங்க ஒரு வருசம் பேசாம இருந்தாலும் கேக்கமாட்டாங்கன்னாங்க. அதான்...” களைக்கொத்தைக் கீழே போட்டாள். “எழுத்து வருதில்ல சாமி?”

“நல்லா வருது.”

“அப்ப யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன்.

அதன் பிறகு அவளுக்காகப் படம் வரைந்து பக்கத்தில் வார்த்தையை எழுதினேன். ஆடு, படி, பானை. எனக்கு வரையத் தெரியாது. என் ஆட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்வாள். ஆனால் மறுநாள் படமில்லாமல் ‘ஆடு’ என்று எழுதினால், தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டுவாள். இப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. சரிதானா என்று கேட்கவும் ஆளில்லை.

மாசியில் இன்ஸ்பெக்டர் தணிக்கைக்கு வந்தார். அவருக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அவளிடம் கன்னடத்தில் பெயர் கேட்டார். பின்னால் போய் நின்று கை தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை நாளா உமக்குத் தெரியும்?”

தலைமை ஆசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை.

“இப்பத்தான் சார் தெரியுது. அவங்கம்மா கன்னடம்னு பொய் சொல்லிச் சேத்துட்டாங்க.”

“பேரை அடிச்சுடும். மெட்ராசுல இதுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்கு, அங்க சேக்கச் சொல்லும்.”

நானே சிவப்பு மையில் கோடு போட்டேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “மெட்ராசு எந்தப் பக்கம் சாமி?” என்றாள். நானும் பார்த்ததில்லை. கிழக்கே கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொல்லியிருக்கமாட்டீங்க, எனக்குத் தெரியும்” என்றாள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பெயர் அடிபட்டதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பதென்று அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. பதிவேட்டை எடுத்தேன். பதினோராவது பெண் எழுந்து, சொல்லி, உட்கார்ந்தாள். கோட்டைத் தாண்டிப் பதின்மூன்றாவது பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் எழுந்தாள். பக்கத்தில் இவள் கையும் எழுந்தது.

“சார், ரெண்டு பேரு” என்றான் முன்வரிசைப் பையன்.

என் தலை பழக்கத்தில் அவளைப் பார்த்து அசைந்தது. அவள் கையை இறக்கி, சிலேட்டைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன வரையப்போகிறேன் என்று பலகையைப் பார்த்து உட்கார்ந்தாள்.