மூன்றரை முதல் நான்கு வரை

கிறிஸ்தவன் அன்றாட வாழ்வில் வளர்த்துக்கொள்ள வேண்டிய குணங்களைப் பற்றி எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் ஒரு வருடம் தொடர் எழுதியவன் நான். சாந்தம், பொறுமை, இச்சையடக்கம் எல்லாவற்றையும் ஒருவழியாக முடித்து 'உண்மையாயிருத்தல்' வரை வந்திருந்தேன். அந்தக் கட்டுரையின் மூன்றாவது பத்தியை எழுதி முடித்த கையோடு, சாகக் கிடந்த ஒருவருக்காக ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டு, சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனேன். மதியம் பிரியாணி சாப்பிட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவாஜிநகரில் வாங்கியது. பாதி உண்மை எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இதையாவது முழுசாக எழுதிப் பார்க்கிறேன்.

அந்த ஒருவர் எங்கள் சபைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். மகன் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து மனைவியோடு அங்கேயே குடிவந்துவிட்டார். என் தொடரைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆத்துமா அவராகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொள்வார்.

"அண்ணா, இந்த மாசம் பொறுமை சூப்பர். நேத்து பொம்மனஹள்ளி சிக்னல்ல ஒரு ஆளு, பச்சை விழறதுக்கு முன்னாடியே ஹார்ன்ல வெச்ச கைய எடுக்கவே இல்ல. ஹெல்மெட்டுக்குள்ள குனிஞ்சு பார்த்தா, நம்ம அண்ணா!"

"அது நான் இல்லப்பா."

"ஹௌதா, அப்படியா? அப்போ அடுத்தது உண்மை பத்தி எழுதுங்க."

அந்தத் தலைப்பு அப்படி வந்ததுதான். அதை நான் எழுத உட்காருவதற்குள் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சபையில் அவருக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தோம்.

சங்கிலி ஜெபம் என்றால், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஜெபம் அறுபடாமல் போக வேண்டும். ஆளுக்கு அரைமணி நேரம், அவரவர் வீட்டில். தன் நேரம் முடிந்தவர் அடுத்தவருக்குப் போன் செய்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் விடக் கூடாது. எனக்கு மூன்றரை முதல் நான்கு. சரியாக மூன்றரைக்கு, ரிட்டையரான ஒரு பஸ் கண்டக்டர் கூப்பிட்டார்.

"ஸ்தோத்திரம் பிரதர். என் டைம் முடிஞ்சுது. பிடிச்சுக்குங்க."

"பிடிச்சுக்கிட்டேன்" என்றேன்.

மனதை ஒருமுகப்படுத்தக் கண்களை மூடினேன். அவ்வளவுதான் ஞாபகம். சமையலறையில் மிக்ஸி அலறியபோது விழித்தேன். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

அப்போதாவது முழங்காலில் நின்று இரண்டு நிமிடம் ஜெபித்திருக்கலாம். நான் அந்த இரண்டு நிமிடத்தில் தொண்டையைச் செருமி, முகத்தைத் துடைத்து, அடுத்தவர் நம்பரைத் தேடினேன். அடுத்தவர் எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அக்கா.

"ஸ்தோத்திரம்க்கா. என் நேரம் முடிஞ்சுது. பிடிச்சுக்குங்க."

"ஐயோ, என்ன தம்பி, குரலே உடைஞ்சு போயிருக்கு. ரொம்பப் பாரத்தோட ஜெபிச்சிருக்கீங்க போல."

நான் "ம்" என்றேன்.

பொய் என்று ஒன்றும் சொல்லவில்லை, பாருங்கள். ஒரு மெய்யெழுத்துக்கு மேல் என் வாயிலிருந்து வரவில்லை. அவ்வளவு சிக்கனமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. மூன்றே முக்காலுக்குப் போயிருக்கிறார்.

அடக்கத்தன்று அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அக்கா சொன்னாங்கண்ணா. அவரு போற நேரத்துல நீங்க அழுது ஜெபிச்சுக்கினு இருந்தீங்களாமே." அப்போதும் நான் தலையைத்தான் குனிந்தேன். பார்த்தவர்கள் தாழ்மை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். தாழ்மை பற்றி நான்காம் மாதம் எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்றரை மணி என்னை விடவில்லை. ஆபீஸில் மீட்டிங் நடுவே, ஹோசூர் ரோட்டு நெரிசல் நடுவே, கடிகாரத்தைப் பார்க்காமலே தெரியும். வயிற்றுக்குள் ஒரு போன் அடிக்கும். "பிடிச்சுக்குங்க" என்று ஒரு குரல் கேட்கும். அது கண்டக்டர் குரல் இல்லை. சிக்னலில் ஹார்னுக்குக் கை போனால், பக்கத்து பைக்கில் யாரோ குனிந்து என் ஹெல்மெட்டுக்குள் பார்ப்பது போலிருக்கும். திரும்பினால் யாரோ ஒரு ஆள், தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த சோபாவில் நான் உட்காருவதை நிறுத்தினேன். என் மனைவி அதில் துவைத்த துணிகளைக் குவிக்க ஆரம்பித்தாள். சில சாயங்காலங்களில் அந்தக் குவியல் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்திருப்பது போல இருக்கும். விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவேன்.

'உண்மையாயிருத்தல்' பத்திரிகையில் வெளியாகி, நல்ல வரவேற்பைப் பெற்றது. சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் ஆண்டவர் விழித்திருந்து ஜெபிக்கச் சொன்னபோது தூங்கிப்போன சீஷர்களை அதில் நன்றாக ஒரு பிடி பிடித்திருந்தேன்.

சபையில் அவர் மனைவி உட்காரும் பக்கம் போகாமல் பதினோரு மாதம் ஓட்டினேன். பன்னிரண்டாம் மாதம் அவரே போன் செய்தார். முதல் வருட நினைவு ஜெபம், வீட்டில். "ஒண்ணும் பெருசா வேணாண்ணா. அந்த அரைமணி நேரம் நீங்க அவருக்காக என்ன சொல்லி ஜெபிச்சீங்கன்னு மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. எனக்கு அதைக் கேக்கணும்."

அவருக்கு வேண்டிய வார்த்தைகளை எழுத எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது, ஓரிடத்தில் எனக்கே கண் கலங்கியது. அதுதான் பயமாகிவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நினைவு ஜெபத்துக்கு முந்தின நாள் ஹெப்பகோடிக்குப் போனேன்.

அவர் தரையில் உட்கார்ந்து, மறுநாள் சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சுவரில் கணவரின் படம். தொழிற்சாலை அடையாள அட்டைக்கு எடுத்த படத்தையே பெரிதாக்கியிருந்தார்கள். சிக்னலில் பார்த்த அதே பார்வை. நான் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"நான் ஜெபிக்கலம்மா" என்றேன். "தூங்கிட்டேன்."

கை நின்றது. "எப்போ?"

"அன்னிக்கு. என் நேரத்துல. போன் எடுத்தேன், பிடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன், தூங்கிட்டேன். அக்காகிட்ட பேசினது அழுத குரல் இல்ல. தூங்கி எழுந்த குரல்."

"எவ்ளோ நேரம்ணா?"

"முழு நேரமும்."

மடியில் விழுந்திருந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டார். பிறகு என்னிடம் சொல்வது போலில்லாமல் பேசினார்.

"நானும் தூங்கிட்டேண்ணா. ரெண்டு நாளா கண்ணு மூடல. கட்டில் பக்கத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு அவரு கையப் பிடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். நர்ஸம்மா தட்டி எழுப்பறப்போ கை சில்லுனு இருந்துச்சி. யார்கிட்டயும் சொன்னதில்ல." ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். "நான் தூங்கினா என்ன, அண்ணன் முழிச்சுக்கினு இருந்தாருன்னு நெனச்சுக்குவேன். அதைப் பிடிச்சுக்கினுதான் ஒரு வருஷம் போச்சி."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நான் எழுதியிருந்தேன். இறங்கி எங்கே போகும் என்று எழுதவில்லை. என் பாரத்தைத் தூக்கி அந்தப் பெண்ணின் மடியில், பூண்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரில் ஒரு பூண்டு கிடந்தது. எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் பூண்டுக் கூடை காலியாகும்வரை உரித்தோம். நிமிர்ந்தபோது மணி நான்கரை. மூன்றரை எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கூட்டத்தில் அவர் என்னைப் பேச அழைக்கவில்லை. சபைப் போதகரான ஐயர் ஜெபித்தார், சாப்பிட்டோம். பந்தியில் செயலாளர் அக்கா பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி ஜெபிச்சா உருகி ஜெபிப்பாரு" என்றார். எதிரே பரிமாறிக்கொண்டிருந்த இறந்தவரின் மனைவி என்னை ஒருமுறை பார்த்தார். நான் இரண்டாவது கரண்டி சோற்றுக்கு முன்பே இலையை மூடினேன்.

அந்த வீட்டுக்கு நான் வெளிச்சம் கொண்டுபோனேனா, இருந்த ஒரு விளக்கையும் ஊதி அணைத்துவிட்டு வந்தேனா என்று இன்னமும் தெரியாது. சோபாவில் இன்னும் துணிதான் குவிந்திருக்கிறது.

போன மாதம் சபையில் வேறொருவருக்காகச் சங்கிலி ஜெபம். செயலாளர் அக்காவுக்கு உடம்பு முடியாததால், நேரம் பிரிக்கும் வேலையை இறந்தவரின் மனைவிதான் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. போன் வந்தது.

"ஸ்தோத்திரம்ணா. உங்களுக்குக் காலைல ஏழு டு ஏழரை போட்டிருக்கேன்."

"சரிம்மா" என்றேன்.

"டிபன் சாப்பிடறதுக்கு முன்னாடி. நின்னுக்கினே பண்ணுங்க, சேரெல்லாம் நம்பக் கூடாதுண்ணா."