என்னைக் கேட்காமல் செய்த பொருத்தனை

முதலில் வந்தது குளிர்தான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை உலர்த்தும் வேலை எனக்கு. நல்ல வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே பற்கள் தந்தியடித்தன. மறுநாள் வலப்பக்க விலாவில் குத்தல். பிறகு இருமினால் செங்கல் நிறத்தில் சளி வந்தது.

என் கணவர் தாவீதுக்கு அதே ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை. என்னை ரயிலில் காட்பாடிவரை கிடத்தி, அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா நிமோனியா (நுரையீரல் வீங்கி மூச்சை அடைக்கும் காய்ச்சல்) என்றார். நெஞ்சில் ஆளிவிதைப் பற்றுப் போடலாம், கஞ்சி கொடுக்கலாம், இதற்கென்று மருந்து கிடையாது என்றாராம். காய்ச்சல் தானாக இறங்க வேண்டும், இறங்காவிட்டால் ஆள் தங்காது என்பதையும் என் கணவரிடம் ஒளிக்கவில்லை.

பிறகு எனக்கு ஜன்னி (நினைவு தப்பிப் பிதற்றுவது) கண்டுவிட்டது. அந்த நாட்கள் என்னிடம் இல்லை. நினைவு திரும்பியபோது படுக்கையெல்லாம் வியர்வை. மூச்சை இழுத்தால் உள்ளே போயிற்று. எங்கள் சபையார் கட்டிலைச் சுற்றி நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் அழுதேன். ஜெபத்துக்கு வல்லமை இல்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று காலையில் யாரோ என்னைத் தாங்கிப் பிடித்திருப்பது போலத்தான் இருந்தது.

ஆனால் என் மகள் கிருபை வரவில்லை. எங்களுக்கு ஒரே பெண் அவள், மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டபோதெல்லாம், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அழைத்து வரவில்லை என்றார்கள். நம்பினேன். வீடு திரும்பியபோது அவளுடைய பாவாடை ஒன்றுகூடக் கொடியில் இல்லை.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். நான் பிதற்றிக் கிடந்தபோது, மனைவி பிழைத்தால் மகளைக் கர்த்தருடைய ஊழியத்துக்கே விட்டுவிடுகிறேன், அவளுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று முழங்காலில் நின்று பொருத்தனை (கர்த்தருக்குச் செய்யும் நேர்த்திக்கடன்) செய்தாராம். காய்ச்சல் இறங்கியதும், ஊழியத்துக்குப் பெண்களை வளர்க்கும் ஒரு விடுதியில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

கிறிஸ்தவளானாலும் என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடச்சீங்களா?"

கர்த்தருக்காக எதையாவது விடுவதென்றால் அவரிடம் கள் இருந்தது, பீடி இருந்தது. இரண்டும் இன்றுவரை இருக்கின்றன. வேதத்தில் பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்த தாயின் கதையைச் சொல்லிச் சமாதானம் செய்யப் போதகர் வந்தார். அங்கே கொடுத்தவள் பெற்றவள், இங்கே பெற்றவளை யார் கேட்டீர்கள் என்றேன். கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

என் கணவர் பயத்தில் செய்தார் என்பது தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. எனக்காக மன்றாடுகிறார்கள் என்று நம்பிக் கிடந்தவளின் மடியிலிருந்தே பிள்ளையை எடுத்துவிட்டார்கள். இதைத் துரோகம் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? கர்த்தர்மேலும் கோபம் வந்தது, வாங்கிக்கொண்டாரே என்று. நோயாளியின் தலைமாட்டில் முழங்காலில் நிற்பவர்களே, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். உங்களுடையது அல்லாததைக் கொடுத்துவிடாதீர்கள். எழுந்தபின் அந்த வீட்டில் வாழப்போகிறவர் படுத்திருப்பவர்தான்.

மறுபடி நெஞ்சைக் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். இந்த நோயில் பிழைக்கிறவர்களுக்கு இப்படித்தான் திடீரென்று வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கும் என்றார்.

"பொருத்தனை பண்ணாதவங்களுக்கும் எறங்குதாம்மா?"

"அவங்களுக்கும் இறங்குது. நானும்தான் உனக்காக ஜெபிச்சேன். எதையும் தர்றேன்னு சொல்லலயே."

அதை வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். கடைசியில் அவர் மனம் இளகினார். இருவருமாக விடுதிக்குப் போனோம். அங்கிருந்தவர்கள் தடுக்கவில்லை; பெற்றவர்கள் நீங்கள், அழைத்துப் போங்கள் என்றார்கள். கிருபை வெள்ளைப் பாவாடையில் வந்தாள். கை நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நான் ஊட்டுக்கு வந்தா நீ செத்துப் போய்டுவம்மா. அப்பா கர்த்தர்கிட்ட அப்படித்தானே சொல்லிக்கீறாரு."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். தான் சொன்னது தப்பு என்று என் கணவரும் அவள் முன்னால் அழுதார். அவள் அசையவில்லை. தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அடுத்த மழைக்கு எனக்குச் சளி பிடித்தால், தன்னால்தான் என்று அந்தப் பிள்ளை ஒடிந்துபோகுமே. விட்டுவிட்டு வந்தேன்.

வலப்பக்க நுரையீரல் பழையபடி ஆகவில்லை. குளிர்காலத்தில் மூச்சு பாதிதான் ஏறுகிறது. இந்த உடம்பு என்னுடையது என்ற நினைப்பு போய்விட்டது. வருஷமும் முன்போல் இல்லை; விடுதிக்கு லீவு விடும் நாட்கள் மட்டும்தான் எனக்கு வருஷம். கிருபை இப்போது புடவை கட்டும் பெண்; விடுதிக்கே திரும்பிப் போய்விட்டால் பொருத்தனை முறியாது என்று லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். நான் இருமலை அடக்கிக்கொண்டு, முடிந்தவரை நல்லபடியாக மூச்சு விடுவேன். "நல்லாக்கீறம்மா" என்பாள். லீவு முடிந்ததும் நிம்மதியாகத் திரும்பிப் போவாள்.